தொண்ணூற்றேழு புள்ளி ஒன்பது

நூர் அகமது எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போட மாட்டார். ஹூஸ்டனை அடுத்த சுகர் லேண்டில் அவர் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது சோபா அல்ல, சாப்பாட்டு மேஜையை ஒட்டி அடுக்கிய ஏழு பிளாஸ்டிக் பெட்டிகள். பதினாறு வருட ஹெச்-1பி வேலை விசா, அதன் நீட்டிப்புகள், நீட்டிப்பின் மேல் கேட்கப்பட்ட கேள்விகள், கேள்விகளுக்கு இவர் கொடுத்த பதில்கள், பதில் கிடைத்தது என்று வந்த ரசீதுகள், எல்லாம் ஓரத்தில் கலர் கலராக அடையாள டேப் ஒட்டி அகரவரிசையில் இருந்தன. கடையநல்லூரில் நடந்த அவருடைய நிக்காஹ் பிரியாணிக்கு ஆடு வாங்கிய சீட்டுகூட அதில் உண்டு. கல்யாணம் உண்மையா என்று கிரீன் கார்டு ஆபீஸில் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்பார். பதினாறு வருடத்தில் ஆட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்க மாட்டோம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவும் இல்லை.

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். மடியில் ஒரு கடுகுகூட இல்லாமல் வழி நெடுகப் பயந்தவர் நூர் அகமது. ஹூஸ்டனில் ஒரு எண்ணெய் கம்பெனியில் குழாய்களின் அழுத்தம் காட்டும் மீட்டர்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. அதாவது சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர். வீட்டுக்கு வந்தும் அதையே சம்பளமில்லாமல் செய்கிறார் என்பது மனைவி ஹபீஸாவின் புகார். அவள் ஒரு இருதய டாக்டரின் கிளினிக்கில் முன்மேஜையில் இருந்தாள்.

இவர்களுடைய ஒரே மகன் ஷாஹுல் கல்லூரி ஃபுட்பால் ஆடியதுதான் அந்த ஊர்த் தமிழர்களுக்கு ஆறாத ஆச்சரியம். அமெரிக்க ஃபுட்பாலில் பந்தைக் கையால் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், ஓடுகிறவன் மேல் மற்றவர்கள் விழுவார்கள். நூற்றுப்பத்து பேர் கொண்ட அணியில் பந்தைக் காலால் உதைக்க என்று இரண்டு மூன்று பேரை வைத்திருப்பார்கள். அதில் முதல் ஆள் ஷாஹுல். லார்க்ஸ்பர் பல்கலைக்கழகம் அவனுடைய வலது காலைப் பார்த்து முழு ஸ்காலர்ஷிப் கொடுத்திருந்தது.

நாலு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவனுக்கு வருகிற நவம்பரில் இருபத்தொன்று முடிகிறது. முடிந்த அன்றே அப்பாவின் விசாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் உரிமை போய்விடும். அதற்குப் பிறகு மாணவர் விசாவில்தான் இருக்கலாம். அதற்கு வேண்டிய காகிதத்தைக் கொடுப்பது பல்கலைக்கழகம். கால் ஸ்காலர்ஷிப்பைப் பிடித்திருக்க, ஸ்காலர்ஷிப் காகிதத்தைப் பிடித்திருக்க, காகிதம் பையனை நாட்டில் பிடித்து வைத்திருந்தது. இந்தச் சங்கிலியை நூர் அகமது ஒரு தாளில் படமாகவே வரைந்து ஃபைல் பண்ணியிருந்தார்.

இரண்டாயிரத்து இருபது ஜூன் மாதத்தில், நோய் டெக்சாஸ் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தபோது, ஒரே நாளில் லார்க்ஸ்பரிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. முதல் கடிதம் பல்கலைக்கழகத் தலைவர் எழுதியது. ஒவ்வொரு மாணவரின் உயிரும் விலைமதிப்பற்றது, ஆகவே வகுப்பறை, நூலகம், சாப்பாட்டுக்கூடம் எல்லாம் மூடப்படுகின்றன, யாரும் வளாகத்துக்குள் காலடி எடுத்து வைக்க வேண்டாம் என்றது அது. இரண்டாவது கடிதம் விளையாட்டுத் துறையுடையது. திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு ஷாஹுல் தன்னார்வப் பயிற்சிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும். பயிற்சிக்கு வருவது அவரவர் விருப்பம். வராதவர்களின் பெயர்ப் பட்டியல் கோச்சுக்குத் தரப்படும், அதுவும் தகவலுக்காக மட்டுமே.

இரண்டில் ஒன்று விலாசம் மாறி வந்திருக்கிறது என்று நினைத்து நூர் அகமது போன் செய்தார். எதிர்முனையில் ஒரு பெண் இரண்டும் சரியான கடிதங்களே என்று இனிமையாகச் சொன்னாள். மாணவர்கள் வரக் கூடாது, மாணவ விளையாட்டு வீரர்கள் வரலாம். இந்த வித்தியாசம் கிருமிக்குத் தெரியுமா என்று இவர் கேட்டார். நல்ல கேள்வி, சம்பந்தப்பட்ட குழுவுக்கு அனுப்பி வைக்கிறேன் என்றாள் அவள்.

கூடவே ஒன்பது பக்க உறுதிமொழிப் பத்திரம் ஒன்று இருந்தது. நோய் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும், அது எனக்கு வந்தால் அதை நானே கொண்டு வந்தேன், இதனால் பின்னால் வரக்கூடிய எதற்கும் லார்க்ஸ்பர் குடும்பம் பொறுப்பல்ல என்று வீரனும் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடாமல் இருக்கவும் எல்லோருக்கும் சுதந்திரம் உண்டு. ஸ்காலர்ஷிப்பை இழக்கும் சுதந்திரமும் கடைசிப் பக்கத்தில் தனியாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. நூர் அகமது மூன்று முறை படித்துவிட்டு, நான்கு நகல் எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பதிலுக்குப் பல்கலைக்கழகம் ஒரு சலுகை செய்தது. பெற்றோர் கவலைப்படக் கூடாது என்று தினமும் காலை ஆறு பத்துக்கு மகனின் உடல் வெப்பத்தை ஈமெயிலில் அனுப்பியது. முதல் நாள் தொண்ணூற்றேழு புள்ளி ஒன்பது. பக்கத்தில் ஒரு பச்சைக் குறி, 'விளையாடத் தகுதி' என்ற வாசகம். இரண்டாம் நாளும் தொண்ணூற்றேழு புள்ளி ஒன்பது. பத்தாம் நாளும் அதேதான். ஜூலையில் டெக்சாஸ் வெயில் நூற்றிரண்டைத் தொட்ட வாரத்திலும் ஷாஹுல் தொண்ணூற்றேழு புள்ளி ஒன்பதிலேயே நின்றான். ஒரே எண்ணை விடாமல் காட்டும் மீட்டர் செத்த மீட்டர் என்று கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நூர் அகமதுவே பாடம் எடுக்கிறவர். அவர் ஒவ்வொரு சீட்டையும் பிரின்ட் எடுத்துத் துளை போட்டுக் கோத்தார்.

பக்ரீத்துக்கு ஷாஹுல் இரண்டு நாள் வீட்டுக்கு வந்தான். பெருநாளன்று காலை ஆறு பத்துக்கு நாற்பத்தேழாவது சீட்டு வந்தது. தொண்ணூற்றேழு புள்ளி ஒன்பது, பச்சைக் குறி, விளையாடத் தகுதி. வெப்பத்துக்குச் சொந்தக்காரன் மாடியில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, இவன் இங்க தூங்குறான். அங்க யாருக்கு டெம்பரேச்சர் எடுத்தாங்க?" என்றாள் ஹபீஸா.

"சத்தம் போடாத. பிரின்ட் எடுத்துட்டேன்."

"பிரின்ட் எடுத்து வச்சுக்கிட்டு? போன் பண்ணிக் கேளுங்க. அங்க நூறு புள்ளைங்க இருக்கு."

"கேட்டா நம்ம பேரு நோட் ஆயிடும். நவம்பர் வரைக்கும் பொறு."

ஹபீஸா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். நூர் அகமது சீட்டின் ஓரத்தில் 'மகன் வீட்டில்' என்று பென்சிலால் எழுதிக் கோத்துவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பினார்.

ஆகஸ்டில் லார்க்ஸ்பர் வீரர்கள் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். ஐந்து கோரிக்கைகள். எல்லோரும் மாஸ்க் போட வேண்டும். பரிசோதனையைப் பல்கலைக்கழகத்துக்குச் சம்பந்தமில்லாத டாக்டர்கள் செய்ய வேண்டும். பயந்து வீட்டில் இருக்கிறவனின் ஸ்காலர்ஷிப்பைப் பிடுங்கக் கூடாது. இந்த நோயால் பின்னாளில் ஏதாவது வந்தால் மருத்துவச் செலவை ஏற்க வேண்டும். ஐந்தாவதாக, நாங்கள் ஆடுவதை டி.வி.யில் காட்டி வரும் வருமானத்தில் எங்களுக்கும் நியாயமான ஒரு பங்கு வேண்டும். கடிதத்தை எழுதியவன் டெரெல். ஷாஹுல் உதைக்கும்போது பந்தைத் தரையில் நிமிர்த்திப் பிடிப்பவன் அவன்தான். இரண்டு பேருக்கும் மூன்று வருடச் சிநேகம். ஷாஹுல் இரண்டாவதாகக் கையெழுத்துப் போட்டான்.

செய்தி கேட்ட நூர் அகமது உடனே விசாப் பெட்டியைத் திறந்தார். அவன் இருக்கும் விசாவில் ஒரு காசு சம்பாதிக்கக் கூடாது. சம்பளம் கேட்டதாக ஒரு தாளில் அவன் பெயர் இருந்தால் நாளைக்கு ஒரு ஆபீஸர் அதைத் தூக்கிக் காட்ட மாட்டாரா? கேட்பதில் இல்லீகல் ஒன்றும் இல்லை என்று ஷாஹுல் போனில் ஆங்கிலத்தில் வாதாடிப் பார்த்தான். இவர் விடவில்லை. உட்கார்ந்து ஒரு 'இணைப்பு ஏ' தயாரித்தார். "ஐந்தாவது கோரிக்கையில் சொல்லப்படும் ஊதியத்தை நான் எனக்காகக் கேட்கவில்லை. கொடுத்தாலும் வாங்க மாட்டேன். வாங்கும் எண்ணம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை." மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போய், மகனிடம் கையெழுத்து வாங்கி, நோட்டரி முத்திரையும் குத்தி, ஒரு பிரதியைப் பல்கலைக்கழகத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பினார். உலகத்தில் வேறு எந்த அப்பாவுக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிற எந்த அப்பாவுக்கும் வந்திருக்கும்.

இரண்டு நாளில் இணைப்பு ஏ பல்கலைக்கழகத்தின் இணையதள முகப்பில், ஷாஹுலின் சிரித்த படத்தோடு வெளியாயிற்று. மேலே, 'எங்கள் வீரர்கள் அன்புக்காக ஆடுகிறார்கள்' என்று கொட்டை எழுத்து. நோட்டரி முத்திரையைப் பெரிதுபடுத்திக் காட்டியிருந்தார்கள். கீழே கோச் ஹட்சன் பேசும் வீடியோ ஒன்று.

"நாம் ஒரு குடும்பம்," என்றார் கோச். "குடும்பத்தில் யாராவது சம்பளம் கேட்பார்களா? என் சம்பளத்தைப் பற்றிச் சிலர் பேசுகிறார்கள். அது சம்பளம் அல்ல, பொறுப்பு. வருடா வருடம் என் மேல் ஏறும் பொறுப்பு. அந்தச் சுமையில் ஒரு பங்கை இந்தப் பிள்ளைகளின் தோளில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. இந்த மாணவர் ஷாவூலைப் பாருங்கள். கொடுத்தாலும் வாங்க மாட்டேன் என்கிறார். இப்படிப்பட்ட பத்துப் பேர் இருந்தால் போதும், நான் புது மைதானமே கட்டிவிடுவேன்." மகனின் பெயர் கோச்சின் வாயில் அப்படித்தான் வந்தது.

அன்று சாயங்காலம் ஷாஹுல் போன் செய்தான். கோபமாகப் பேசியிருந்தால்கூட நூர் அகமதுக்குத் தாங்கியிருக்கும்.

"அத்தா, டெரெல் பந்தைக் கரெக்டா வைக்கிறான். ஆனா என் ஃபேஸைப் பாக்க மாட்டேங்கிறான்," என்றான். பிறகு, "நீங்க எழுதினது. பட் இட்ஸ் மை நேம், அத்தா," என்றான்.

எதற்கும் ஒரு நகலைப் பத்திரமாக வைத்துக்கொள் என்றார் இவர்.

செப்டம்பர் முதல் வாரம் ஷாஹுலுக்குக் காய்ச்சல் வந்தது. நூற்று ஒன்றரை. அன்று காலையும் அவன் தொண்ணூற்றேழு புள்ளி ஒன்பது. நோய்தான் என்று உறுதியானதும் நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் ஒன்றில் பத்து நாள் அடைத்து வைத்தார்கள். வாசலில் சாண்ட்விச் வைத்துவிட்டுப் போனார்கள். பத்து நாளும் அவன் மைதானத்தில் விளையாடத் தகுதியோடு இருந்ததாகச் சீட்டு வந்துகொண்டே இருந்தது. பதினோராம் நாள், நோய் கண்டவர் மறுபடி ஆடலாம் என்ற அனுமதிப் படிவம் வந்தது. அதில் 'இருதயம் பரிசோதிக்கப்பட்டது, சீராக உள்ளது' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தது.

இந்த நோய் சில பிள்ளைகளின் இருதயத் தசையில் வீக்கத்தை விட்டுவிட்டுப் போகிறது, தெரியாமல் ஓடினால் மைதானத்திலேயே விழுந்துவிடலாம் என்று ஹபீஸாவின் கிளினிக்கில் டாக்டர்கள் தினமும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் மகனுக்குப் போன் போட்டு என்ன டெஸ்ட் எடுத்தார்கள் என்று குறுக்கு விசாரணை செய்தாள். ஒரு உதவியாளர் கதவைத் திறந்து, ஹார்ட் எல்லாம் ஓகேவா என்று கேட்டார், ஓகேன்னுதான் நினைக்கிறேன் என்றேன், டிக் போட்டுக்கொண்டு போனார் என்றான் ஷாஹுல். படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது என்பதையும் அவன் பேச்சோடு பேச்சாகச் சொன்னான்.

அதற்கு மேல் நூர் அகமதுக்கு நவம்பர் வரை பொறுக்க முடியவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார். விசா ஆபீஸ் கேள்வி கேட்டால் எப்படிப் பதில் அனுப்புவாரோ அப்படியே இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில், பொருளடக்கத்தோடு, ஒவ்வொரு பிரிவுக்கும் டேப் ஒட்டி ஒரு முறையீடு. இருதய ஸ்கேன் எடுக்காமல் மகனை மைதானத்தில் இறக்கக் கூடாது என்ற ஒரே ஒரு கோரிக்கை. டேப்களைப் பார்த்த பல்கலைக்கழகம் அவரைப் பெரிய வக்கீல் என்று நினைத்துவிட்டது. இரண்டே நாளில் ஜூம் கூட்டம் வைத்தார்கள். அதில் அவர்கள் பக்கம் நான்கு வக்கீல்கள் பெயர் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

தலைமை வகித்தவர் டாக்டர் பிளேக்லி. மாணவ வீரர் நலன், அனுபவம் மற்றும் விளம்பரத் துறையின் துணைத் தலைவர். விளையாட்டு நிர்வாகத்தில் வாங்கிய டாக்டர் பட்டம் அவருடையது. முதலில் எல்லோரும் நலமா என்று விசாரித்து, பல்கலைக்கழகப் பாட்டை ஒலிக்கவிட்டு, பெற்றோர்களின் குரலுக்கு லார்க்ஸ்பர் எப்போதும் காது கொடுக்கும் என்று சொல்லிவிட்டு நூர் அகமதுவின் மைக்கை அணைத்து வைத்தார். நாற்பது நிமிடம் கழித்துத் திறந்துவிட்டார்.

நூர் அகமது டேப் 'பி'யில் தொடங்கினார். தொண்ணூற்றெட்டு நாளில் தொண்ணூற்றெட்டுச் சீட்டு. அத்தனையிலும் ஒரே எண். பக்ரீத் அன்று மகன் தன் வீட்டில் இருந்ததற்குச் சாட்சியாகப் பெட்ரோல் போட்ட ரசீது, வீட்டு வாசல் கேமரா படம், குர்பானி இறைச்சி வாங்கிய சீட்டு. இதற்கு என்ன விளக்கம் என்று பணிவாகக் கேட்டார்.

"மிக நல்ல கேள்வி," என்றார் பிளேக்லி. "நூற்றுப்பத்து பேருக்குத் தினமும் வெப்பம் பார்த்தால் பயிற்சி இருபது நிமிடம் தாமதமாகும். தாமதம் பிள்ளைகளின் மனநலத்தைப் பாதிக்கும். அதனால் ஆரோக்கியமான இளைஞன் ஒருவனுக்கு இருக்க வேண்டிய வெப்பத்தை நாங்களே கண்டறிந்து எல்லோருக்கும் பாரபட்சமில்லாமல் வழங்கினோம். நீங்கள் சொல்லும் தேதியில் உங்கள் மகன் இங்கே இல்லாதிருக்கலாம். இருந்திருந்தால் அதுதான் இருந்திருக்கும்."

நூர் அகமது டேப் 'எஃப்'க்குப் போனார். அது பல்கலைக்கழகமே வெளியிடும் பத்திரிகையின் ஒரு பக்கம். லார்க்ஸ்பர் அணியின் சின்னம் கழுதை. கர்னல் என்ற பெயரில் உயிருள்ள ஒரு கழுதையையே மைதானத்தில் வைத்து வளர்க்கிறார்கள். நோய்க்காலத்தில் கர்னலை எப்படிப் பாதுகாக்கிறோம் என்று அதில் பெருமையாக எழுதியிருந்தது. குளிர்சாதன லாயம், மாஸ்க் போட்ட இரண்டு பணியாட்கள், மாதம் ஒரு இருதய ஸ்கேன்.

"கழுதைக்கு ஸ்கேன் எடுக்கிறீர்கள். என் மகனுக்கும் ஒன்று எடுக்கக் கூடாதா?" என்றார் நூர் அகமது.

பிளேக்லி ஒரு வக்கீலைப் பார்த்துக்கொண்டார். "கர்னல் பல்கலைக்கழகத்தின் சொத்து. சொத்துக்கு இன்சூரன்ஸ் உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனி ஸ்கேன் கேட்கிறது."

"அப்படியானால் என் மகனையும் சொத்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்களேன்."

நக்கலாகச் சொல்லவில்லை. ஃபாரம் கொடுத்தால் அங்கேயே நிரப்பியிருப்பார். பிளேக்லியின் முகம் உண்மையிலேயே வாடிவிட்டது.

"அது எங்கள் மனதைப் புண்படுத்துகிறது, மிஸ்டர் அகமது. எங்கள் வீரர்கள் சொத்து அல்ல. சொத்து என்றால் அதற்கு ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பாகிவிடுவோம். அவர்கள் ஊழியர்களும் அல்ல, ஊழியர் என்றால் சம்பளமும் பாதுகாப்பும் தர வேண்டும். அவர்கள் எங்கள் குடும்பம். குடும்பத்துக்கு நாங்கள் எதுவும் தர வேண்டியதில்லை என்பதுதான் அந்த உறவின் அழகு."

நூர் அகமது இதைக் குறித்துக்கொண்டார். பிறகு, என் குடும்பத்தில் காய்ச்சல் கண்ட பிள்ளையைக் கடைக்குக்கூட அனுப்ப மாட்டோம் என்று மெதுவாகச் சொன்னார். மைக் மறுபடி அணைக்கப்பட்டிருந்ததால் அது யாருக்கும் கேட்கவில்லை.

முறையீட்டுக்கு எழுத்துமூலமான தீர்ப்பு மறுநாளே வந்தது. வெப்ப எண்கள் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்து பெற்றோருக்கு மன உளைச்சல் தந்ததை லார்க்ஸ்பர் ஏற்றுக்கொள்கிறது, குறை உடனடியாகக் களையப்படும் என்றது. சொன்னபடியே களைந்தார்கள். அடுத்த காலையில் ஷாஹுல் தொண்ணூற்றெட்டு புள்ளி ஒன்று. அதற்கடுத்த நாள் தொண்ணூற்றேழு புள்ளி ஆறு. செத்த மீட்டருக்கு உயிர் வந்துவிட்டது. மீட்டரை மட்டும் இன்னும் யாரும் குழாயில் மாட்டவில்லை.

ஹபீஸா தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. தானே போய் மகனை அழைத்து வந்து தன் கிளினிக்கில் படுக்க வைத்தாள். இருதயத் தசையில் வீக்கம் இருந்தது. மூன்று மாதம் ஓடக் கூடாது, பந்தை உதைக்கக் கூடாது, பயப்பட வேண்டாம், ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அந்த ரிப்போர்ட்டை லார்க்ஸ்பருக்கு அனுப்பினார்கள். வெளி டாக்டர்கள் பார்த்த இருதயம் எங்கள் மைதானத்தில் செல்லாது என்று பதில் வந்தது. சனிக்கிழமை முதல் ஆட்டம். ஷாஹுல் வராவிட்டால் தன்னார்வமாக அணியை விட்டு விலகியதாகக் கருதப்படும், ஸ்காலர்ஷிப் நிற்கும், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் தகவல் போகும்.

வெள்ளிக்கிழமை மாலை ஷாஹுல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே வந்தான்.

"ஒன் கேம்தானே, அத்தா. நாலு தடவை உதைக்கணும், அவ்வளவுதான். போகலன்னா நவம்பர்ல நான் எங்க போறது? கடையநல்லூர்ல எனக்கு பஸ் ஸ்டாண்டு எங்கன்னுகூடத் தெரியாது."

நூர் அகமது பெட்டிகளைப் பார்த்தார். பதினாறு வருடம், ஒரு தேதிகூடத் தவறியதில்லை.

"பேப்பருக்குப் பயந்து இவனை அனுப்பப் போறீங்களா?" என்றாள் ஹபீஸா.

அவருக்கும் பயமாகத்தான் இருந்தது. பையன் இல்லாத நாடும், பையனே இல்லாத வீடும் மாறி மாறிக் கண்ணில் வந்தன. எழுந்து போய் மகன் கையிலிருந்த கார் சாவியை வாங்கி, முதல் பெட்டியைத் திறந்து, உள்ளே போட்டு மூடினார். அந்தப் பெட்டிக்குள் போன எதுவும் திரும்பி வந்ததாகச் சரித்திரமில்லை. ஷாஹுல் பையை இறக்கி வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மறுநாள் ஆட்டத்தை டி.வி.யில் பார்த்தார்கள். ரசிகர்களின் உயிர் விலைமதிப்பற்றது என்பதால் இருக்கைகளில் அட்டை மனிதர்களை நிறுத்தியிருந்தார்கள். வேறொரு பையன் உதைத்தான். டெரெல் பந்தைப் பிடித்தான். அன்று காலை ஆறு பத்துக்கு வந்த சீட்டில் ஷாஹுல் தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு, பச்சைக் குறி, விளையாடத் தகுதி. திங்கட்கிழமையும் வந்தது. செவ்வாயும் வந்தது. புதன்கிழமை, ஸ்காலர்ஷிப் நிறுத்தப்பட்ட கடிதமும் அன்றைய சீட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நூர் அகமதுக்கு ஜூன் மாதத்து இரண்டு கடிதங்கள் ஞாபகம் வந்தன. இந்தத் தடவை அவர் போன் செய்யவில்லை. ஒரு பக்கத்தில் விண்ணப்பம் எழுதினார். என் மகன் பயிற்சிக்கு வராமல் விலகிவிட்டதாக ஒரு கடிதம் சொல்கிறது. ஒரு நாள் தவறாமல் மைதானத்துக்கு வந்து வெப்பம் பார்த்துக்கொண்டதாகத் தங்கள் சீட்டுகள் சொல்கின்றன. இரண்டில் எது பொய் என்று எழுத்துமூலம் தெரிவித்தால், அதன் மேல் அப்படியே குறித்து ஃபைலில் வைத்துக்கொள்வேன்.

பெயர் சொல்லாத நான்கு வக்கீல்களும் பத்து நாள் யோசித்திருக்க வேண்டும். பதில் ஒரே பத்தி. லார்க்ஸ்பரின் பதிவேடுகள் பிழையற்றவை. அவற்றின்படி ஷாஹுல் ஒரு நாளும் தவறாமல் பயிற்சிக்கு வந்திருக்கிறார். நிறுத்தல் கடிதம் கணினிக் கோளாறால் அனுப்பப்பட்டது. ஸ்காலர்ஷிப் தொடரும். நவம்பரில் பிறந்தநாளுக்கு முன்பே மாணவர் விசாவுக்கான காகிதமும் வந்துவிட்டது. அன்று ஹபீஸா வட்டலப்பம் செய்தாள். நூர் அகமது இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, தான் காட்டிய சாமர்த்தியத்தைப் பற்றி ஃபிரிஸ்கோவில் இருக்கும் தம்பிக்கு ஒரு மணி நேரம் போனில் சொன்னார்.

அதற்கு மூன்றாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. டெரெலின் அம்மா. வெள்ளிக்கிழமை பயிற்சியில் டெரெல் மைதானத்திலேயே விழுந்துவிட்டான், ஆஸ்பத்திரியில் இருக்கிறான், இருதயம் என்கிறார்கள், பிழைத்துவிடுவான் என்கிறார்கள், ஆனால் இனி ஆட முடியாது என்றார். அழவில்லை. இணைப்பு ஏ பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்குக் காலையில்கூட அவனுக்குத் தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு என்று எனக்குச் சீட்டு வந்திருக்கிறது என்றார். உங்கள் மகனை நீங்கள் சரியான நேரத்தில் வீட்டில் நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன், அந்தச் சீட்டு பொய் என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டார்.

நூர் அகமதுக்கு நாற்பத்தேழாவது சீட்டு கண் முன்னால் வந்தது. பென்சில் எழுத்தும்தான். நூறு புள்ளைங்க இருக்கு என்று ஹபீஸா சொன்னது காதில் விழுந்தது. உங்களுக்கு எழுதி அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தார்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கையாலேயே எழுதினார். "ஜூலை முப்பத்தொன்றாம் தேதி காலை ஆறு பத்துக்கு இந்தச் சீட்டுகள் பொய் என்று எனக்குத் தெரிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மகன் செப்டம்பர் இருபத்தாறு முதல் ஒரு நாளும் மைதானத்துக்குப் போகவில்லை. ஊதியம் வேண்டாம் என்ற இணைப்பு ஏ அவன் எழுதியது அல்ல, நான் எழுதியது. வீரர்கள் கேட்ட ஐந்தும் நியாயம்." கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு நூற்று அறுபதுக்கு மேற்பட்ட சீட்டுகளையும் கோப்போடு கழற்றி ஒரு பெரிய உறையில் வைத்து, மேலே டெரெலின் அம்மா விலாசத்தை எழுதினார்.

ஷாஹுல் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. சீட்டுகள் பொய் என்றால் அவன் வராதவன். வராதவனுக்கு ஸ்காலர்ஷிப் இல்லை. அது இல்லாதவனுக்குக் காகிதம் இல்லை.

"அத்தா, இத அனுப்பினா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும். உனக்குச் சம்மதமா? இது உன் பேரு."

ஷாஹுல் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டான். உறையை ஒட்டப் போனவன் நின்று, பெட்டிகளைப் பார்த்தான்.

"காப்பி எடுக்கலையா?"

"வேணாம்," என்றார் நூர் அகமது. "ஒரிஜினலே போகட்டும்."